வெப்ப மரணச் செய்தியைச் சரியாகப் படிப்பது எப்படி

ஏப்ரல் பிறந்துவிட்டால் 'வெயில் சதமடித்தது' என்ற தலைப்பு தமிழ் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும். அதையடுத்து வெயிலில் மயங்கி விழுந்து இறந்தவரைப் பற்றிய சிறு செய்தி ஒன்றும், எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று கூறும் நீண்ட கட்டுரை ஒன்றும் வரும். மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அவை ஒரே செய்தியின் பகுதிகள் போலத் தோன்றும். உண்மையில் அவை மூன்று தனித்தனி எண்களைப் பற்றிப் பேசுகின்றன: வெப்பம் எவ்வளவு, அதனால் இறந்தவர்கள் எத்தனை பேர், அந்த இறப்புகளில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு. முதல் எண்ணைக் கருவி அளக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் மதிப்பீடு. மூன்றாவது, நிகழாத ஓர் உலகத்தைக் கணினியில் உருவாக்கி அதனுடன் ஒப்பிட்டுப் பெறப்படுவது. ஒரு செய்தியை நம்புவதா, எந்த அளவுக்கு நம்புவது என்று முடிவுசெய்ய விரும்புபவர், இந்த மூன்றையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

வெப்பநிலையை எப்படிப் படிப்பது

தமிழ்நாட்டில் 'சதம்' என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். ஆய்வுகளும் வானிலைத் துறையின் எச்சரிக்கைகளும் செல்சியஸில் இருப்பதால், செய்தியில் உள்ள எண்ணிலிருந்து 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுத்துக்கொள்வது முதல் வேலை. அந்த எண் நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டிய காற்றின் வெப்பநிலை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நேரடி வெயிலில் தார் போடுபவரோ தகரக் கூரையின் கீழ் சமைப்பவரோ தாங்கும் வெப்பம் அதைவிட அதிகம்.

அடுத்ததாக, 'வெப்ப அலை' என்ற சொல் எந்தப் பொருளில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி உச்ச வெப்பநிலை சமவெளியில் குறைந்தது 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும், மலைப்பகுதியில் 30 டிகிரியையும் எட்டியிருக்க வேண்டும். அத்துடன் அது அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பான உச்சமே 37 டிகிரியை ஒட்டியிருப்பதால், அங்கே வெப்ப அலை என்று அறிவிக்க ஏறக்குறைய 42 டிகிரி தேவைப்படுகிறது. ஆகவே 'சென்னையில் வெப்ப அலை இல்லை' என்ற அறிவிப்பை 'சென்னையில் ஆபத்து இல்லை' என்று படிக்கக் கூடாது. கத்திரி வெயில் தொடங்கிவிட்டதா, முடிந்துவிட்டதா என்பதும் இங்கே உதவாது. அது பஞ்சாங்கக் கணக்கு, உடலுக்கு அந்தத் தேதிகள் தெரியாது.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையை அடுத்த கார்கரில், திறந்தவெளி மைதானத்தில் நடந்த அரசு விருது விழாவில் பல மணி நேரம் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் இறந்தார்கள். அன்று அப்பகுதியில் பதிவான வெப்பநிலை சுமார் 38 டிகிரி. வட இந்தியச் செய்தியில் அது ஒரு வரிகூடப் பெறாது. திறந்த வெயிலும் கடலோர ஈரப்பதமும் கூட்ட நெரிசலும் சேர்ந்த இடத்தில் அந்த எண் போதுமானதாக இருந்தது.

ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்கும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு சாதாரணச் சுவர் வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, துணியின் மறுமுனையை ஒரு சிறு குவளைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். இரண்டையும் மின்விசிறிக் காற்றுக்கு நேராகப் பத்து நிமிடம் வைத்தால், ஈரத் துணி கட்டிய வெப்பமானி குறைவான எண்ணைக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் இரண்டுக்கும் இடைவெளி அதிகம். புழுக்கமான நாளில் இரண்டும் நெருங்கி வரும். அந்த இடைவெளிதான், வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க மிச்சமிருக்கும் வாய்ப்பு. 44 டிகிரியும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உலர்ந்த பகலில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 23. 34 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரை நாளில் அது சுமார் 29. மனித உடல் 35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலைவரை தாங்கும் என்று 2010-இல் கோட்பாட்டளவில் கணிக்கப்பட்டது. பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்து நடத்திய சோதனைகளில், ஈரமான சூழலில் 30–31 டிகிரியிலேயே உடல் வெப்பம் கட்டுப்பாடின்றி ஏறத் தொடங்கியது. சோதனைக்கு உட்பட்டவர்கள் ஆரோக்கியமானவர்கள். முதியவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே இருக்கும். இதை வைத்து உலர்ந்த 44 டிகிரி பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் மின்விசிறியே சூட்டை உடலுக்குள் கொண்டுவரும். உடல் இழக்கும் நீரை ஈடுகட்ட முடியாதவர் அங்கும் விழுவார்.

செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இரவு வெப்பநிலையை. பகலில் ஏறிய சூட்டை இறக்கிவைக்க உடலுக்கு இரவு தேவை. கான்கிரீட் வீடு இரவு முழுவதும் அனலைக் கக்கினால் மூன்றாம் நாளில் இதயம் தளர்ந்துவிடுகிறது. எனவே ஒரு வெப்ப நிகழ்வின் தீவிரத்தைத் தீர்மானிக்க உச்சம், ஈரப்பதம், இரவின் தாழ்நிலை, எத்தனை நாள் நீடித்தது என்ற நான்கையும் தேடுங்கள். உச்சத்தை மட்டும் தரும் செய்தி பாதிச் செய்தி.

இறப்பு எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

'வெயிலுக்குப் பலி' என்ற எண்ணைக் கண்டால், அது எந்த வகையில் எண்ணப்பட்டது என்று கேளுங்கள். மருத்துவமனையில் ஹீட் ஸ்ட்ரோக் என்று எழுதப்பட்ட இறப்புகள் ஒரு வகை. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி நினைவு குழம்பிய நிலையில் கொண்டுவரப்பட்டவர்கள் மட்டுமே பெரும்பாலும் இதில் வருவார்கள். காவல்துறைப் பதிவுகளின் வழியே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுப்பது இன்னொரு வகை; 2022-க்கு அது தந்த எண் 730. இவை இரண்டும் அடிமட்ட எண்கள். வெப்பம் கொல்பவர்களில் மிகப் பலர் மாரடைப்பிலும், சிறுநீரகச் செயலிழப்பிலும், மூச்சுத் திணறலிலும் வீட்டிலேயே இறக்கிறார்கள்; அவர்களின் சான்றிதழில் வெப்பம் என்ற சொல்லே இருக்காது. சான்றிதழ் இருந்தால்தானே அதுவும்: இந்தியாவில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கும் இறப்புகள், பதிவான இறப்புகளில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் குறையைத் தாண்ட ஆய்வாளர்கள் காரணத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, எல்லா இறப்புகளையும் எண்ணுகிறார்கள். இதன் தெளிவான இந்திய எடுத்துக்காட்டு அகமதாபாத். 2010 மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் நகரில் பதிவான மொத்த இறப்புகள் 4,462. 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதச் சராசரி 3,118. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,344. அதாவது வழக்கத்தைவிட 43 விழுக்காடு அதிகம். இந்த 1,344 பேரில் யார் யார் வெப்பத்தால் இறந்தார்கள் என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாது. ஆனால் மாவட்டத்தில் வேறு பேரிடரோ பெருந்தொற்றோ இல்லாதபோது அந்த வேறுபாட்டுக்கு வேறு விளக்கமும் இல்லை. கழித்தல் கணக்கு என்பதால் இதை ஊகம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு இது, காரணம் தெரியாமல் எழுதப்பட்ட சான்றிதழ்களைக் கூட்டிவரும் எண்ணைவிட நேர்மையான எண்ணாகவே படுகிறது.

அதே நகரின் சாரதாபென் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நடந்ததைப் பார்த்தால், சராசரிகளுக்குள் மறைந்திருப்பது என்னவென்று புரியும். 2010 கோடையில் வெப்பம் தொடர்பான காரணங்களால் அங்கு சேர்க்கப்பட்ட குழந்தைகள் 24. அதற்கு முன்னும் பின்னும் வந்த கோடைகளில் ஒற்றை இலக்கம்தான். 42 டிகிரிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் சேர்க்கை 43 விழுக்காடு கூடியது. பிரசவ வார்டு கட்டடத்தின் உச்சி மாடியில், வெயில் காயும் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. அதைத் தரைத்தளத்துக்கு இறக்கிய பிறகு சேர்க்கைகள் குறைந்தன. வானிலையில் ஒரு டிகிரியைக்கூட யாரும் மாற்றவில்லை, மாடியை மாற்றினார்கள்.

கூடுதல் இறப்புக் கணக்கைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். ஒப்பீட்டுக்கு எடுத்த ஆண்டுகள் எவை என்பது ஒன்று. மிகக் குளிர்ந்த ஆண்டுகளை எடுத்தால் எண் ஊதிப்போகும். எப்படியும் அடுத்த சில நாட்களில் இறந்திருக்கக் கூடியவர்கள் சற்று முன்னதாக இறந்தார்களா என்பது மற்றொன்று. இதைச் சோதிக்க, வெப்பம் தணிந்த பிறகு வரும் வாரங்களில் இறப்புகள் இயல்புக்குக் கீழே போயினவா என்று பார்ப்பார்கள். ஒரு மாதம் முழுவதையும் கூட்டியும் இடைவெளி அழியாமல் நிற்பதுதான் அகமதாபாத் எண்ணுக்கு வலு.

யார், எங்கே இறந்தார்கள் என்ற விவரம் கிடைத்தால் மொத்த எண்ணைவிட அதைக் கவனியுங்கள். 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவான அந்த வெப்ப நிகழ்வில் இறந்த 619 பேரையும் மாகாண மரண விசாரணை அலுவலகம் ஒவ்வொருவராக ஆராய்ந்தது. அவர்களில் 98 விழுக்காட்டினர் கட்டடத்துக்குள்ளே இறந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைக் கடந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். 'வெளியே போகாதீர்கள்' என்ற அறிவுரை அவர்களில் ஏறக்குறைய யாரையும் காப்பாற்றியிருக்காது. நம்மூரில் வயல், கட்டுமானம், உப்பளம் என்று வெயிலில் உழைப்பவர்களின் சாவும் இதனுடன் சேர்கிறது என்பதால், இந்தியச் செய்தியில் இரு கூட்டத்தையும் தனித்தனியே தேட வேண்டும். மேல்மாடியில் தனியாக இருக்கும் முதியவர் குழப்பமாகப் பேசினால், தோல் கொதித்தால், அது காத்திருக்கும் நேரமல்ல. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

பருவநிலை மாற்றத்தின் பங்கை எப்படி எடைபோடுவது

'இந்த வெப்ப அலைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா?' என்ற கேள்வியே சற்றுக் கோணலானது. ஒவ்வொரு வெப்ப நிகழ்வுக்கும் உடனடிக் காரணம் வானிலைதான்: ஓரிடத்தில் நின்றுவிட்ட உயர் அழுத்தம், மழை பொய்த்து வறண்ட மண், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு, கடற்காற்று தாமதமாக நுழைந்த பிற்பகல். புவி வெப்பமாதல் செய்வது, இவையெல்லாம் ஏறி நிற்கும் தரையையே உயர்த்துவது. அதனால் சரியான கேள்விகள் இரண்டு: இதே வானிலை முற்காலத்தில் வந்திருந்தால் எத்தனை டிகிரி குறைவாக இருந்திருக்கும்? இதே அளவு வெப்பம் முன்பு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது அறிக்கை இரண்டுக்கும் உலகச் சராசரியில் விடை தருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், 1 டிகிரி கூடிய உலகில் அதே பத்து ஆண்டுகளில் 2.8 முறை வருகிறது, 1.2 டிகிரி கூடுதல் சூட்டுடன். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தது 4.8 முறை வருகிறது; 2 டிகிரி கூடினால் அது 13.9 முறை. நிகழ்வு எவ்வளவு அரிதோ அவ்வளவு வேகமாக அதன் வாய்ப்பு பெருகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரி சிறிது நகர்ந்தாலும் விளிம்பில் இருப்பவை பல மடங்காகின்றன. 'முப்பது மடங்கு அதிக வாய்ப்பு' என்ற தலைப்பும் 'ஒரு டிகிரி மட்டுமே கூடியது' என்ற மறுப்பும் ஒரே நிகழ்வைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

ஒரு தனி நிகழ்வைப் பற்றிய ஆய்வு என்றால், அது எந்த இடத்தை, எத்தனை நாள் சராசரியை, எந்த அளவை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். முடிவு அதைப் பொறுத்து மாறும். உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு என்று தமிழில் சொல்லத்தக்க பன்னாட்டு ஆய்வாளர் கூட்டமைப்பு, 2022 மார்ச்–ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய நீண்ட வெப்பத்தின் வாய்ப்பு சுமார் 30 மடங்கு பெருகியது என்று கணித்தது. ஆனால் 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானபோது நடந்த ஆய்வில், ஆண்டின் மிக உயர்ந்த பகல் வெப்பநிலையில் தெளிவான ஏறுமுகம் தென்படவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலைத் தடுப்பதும், பாசனம் பெருகியதால் நிலம் குளிர்வதும் இந்தியச் சமவெளியில் உச்ச வெப்பநிலையை ஓரளவு மறைத்து வைத்திருப்பதை அது சுட்டிக்காட்டியது. இது புவி வெப்பமாதலை மறுக்கும் சான்று என்று எடுத்துக்கொள்பவர், பாசனத்தால் கூடும் ஈரப்பதம் உடலுக்குச் செய்வதை மறந்துவிடுகிறார். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். உச்ச எண் நகராத இடத்திலும் புழுக்கம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

நகரம் சேர்க்கும் சூட்டையும் தனியே வைக்க வேண்டும். மரம் வெட்டி, குளம் தூர்த்து, கான்கிரீட் நிரப்பியதால் கூடிய வெப்பம் உள்ளூர் ஆட்சியின் பொறுப்பு. அதையும் பருவநிலைக் கணக்கில் எழுதிவிடுவது சில அதிகாரிகளுக்கு மிக வசதி.

இப்போது மூன்று எண்களும் சேரும் இடம். வெப்பத்துக்கும் இறப்புக்கும் உள்ள உறவை ஒரு நகரின் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து ஒரு வளைகோடாக வரைவார்கள். எந்த வெப்பநிலையில் இறப்பு மிகக் குறைவோ அது கோட்டின் அடி. அதிலிருந்து மேலே போகப் போகக் கோடு செங்குத்தாகும். கற்பனையாக ஒரு நகரை எடுத்துக்கொள்வோம். இயல்பான நாளில் அங்கு 100 பேர் இறக்கிறார்கள். 40 டிகிரியில் 108 பேர், 41.2 டிகிரியில் 113 பேர். புவி வெப்பமாகாமல் இருந்திருந்தால் 40 டிகிரியாக இருந்திருக்க வேண்டிய நாள் இப்போது 41.2 ஆகிறது என்றால், வெப்பத்தால் நேர்ந்த 13 இறப்புகளில் 5 புவி வெப்பமாதலின் கணக்கு. ஏறக்குறைய 38 விழுக்காடு. சூடு கூடியது 1.2 டிகிரிதான், ஆனால் அது கோட்டின் செங்குத்தான பகுதியில் கூடியது.

உண்மையான ஆய்வுகள் இதே முறையில்தான் நடக்கின்றன. 2003-இல் ஐரோப்பாவில் 70,000-க்கும் அதிகமானோர் இறந்த கோடையைப் பற்றிய ஓர் ஆய்வு, பாரிஸ் மையப் பகுதியில் வெப்பத்தால் நேர்ந்த 735 இறப்புகளில் 506-ஐயும், லண்டனில் 315-இல் 64-ஐயும் மனிதச் செயலால் விளைந்த வெப்பமாதலின் கணக்கில் வைத்தது. ஒரே கோடை, இரண்டு நகரங்கள், இவ்வளவு வேறுபாடு. ஆகவே 'பருவநிலை மாற்றத்தின் பங்கு இத்தனை விழுக்காடு' என்று உலகுக்கெல்லாம் ஒரே எண்ணை யாராவது சொன்னால் நிதானிக்க வேண்டும். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 37 விழுக்காடு என்பது 43 நாடுகளின் 732 இடங்களில் 1991 முதல் 2018 வரையிலான பதிவுகளின் சராசரி. தரவு இல்லாததால் தெற்காசியாவின் பெரும்பகுதி அதில் இடம்பெறவே இல்லை. 2025 ஜூன்–ஜூலையில் 12 ஐரோப்பிய நகரங்களில் 2,300 வெப்ப இறப்புகள், அவற்றில் 1,500 பருவநிலை மாற்றத்தால் என்று சில நாட்களிலேயே வந்த செய்தியும் பழைய வளைகோட்டில் புதிய வெப்பநிலையைப் பொருத்திப் பெற்ற மதிப்பீடு. விரைவாக வந்ததாலேயே அது தவறாகிவிடாது. ஆனால் யாரும் உடல்களை எண்ணிச் சொன்னதல்ல என்று தெரிந்து படிக்க வேண்டும்.

குளிர்தானே அதிகம் பேரைக் கொல்கிறது என்ற வாதம் இந்த இடத்தில் வரும். உலகளவில் அது உண்மைதான். ஆனால் மொத்தத்தில் எது பெரிது என்பது வேறு கேள்வி, எது ஏறிக்கொண்டிருக்கிறது, யார் ஊரில் ஏறுகிறது என்பது வேறு கேள்வி. மதுரையிலும் அகமதாபாத்திலும் குளிர்காலம் மிதமாவதால் காப்பாற்றப்படுபவர்கள் கோடையின் கணக்கை ஈடுகட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வளைகோடு நிலையானது என்றும் எண்ண வேண்டாம். 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி, திலீப் மாவலங்கர் வழிநடத்திய காந்திநகர் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளில் ஆயத்தம், குடிநீர்ப் பந்தல்கள் என்று அதில் இருப்பவை எல்லாம் எளிய வேலைகள். அதன் முதல் ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அந்தப் பணம் கிடைக்க வேண்டுமானால் இறப்புக்கு வெப்பமே காரணம் என்று பதிவாக வேண்டும் என்பதால், மேலே சொன்ன சான்றிதழ்ச் சிக்கல் இனி ஏழைக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கும்.

உங்கள் ஊருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'வெயிலால் இறந்தவர்கள் எத்தனை பேர்' என்று கேட்டால் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, கடந்த பத்து ஆண்டுகளில் மார்ச் முதல் ஜூன் வரை நாள்வாரியாகப் பதிவான மொத்த இறப்புகளை, வயதுப் பிரிவு, ஆண் பெண், வீட்டிலா மருத்துவமனையிலா என்ற விவரத்துடன் கேளுங்கள். பெயரோ முகவரியோ கேட்க வேண்டாம். கேட்டால் மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். பதிவு செய்த தேதியைத் தராமல் இறந்த தேதியைத் தருமாறு தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் பதிவு வாரக்கணக்கில் தாமதமாகும். வந்த எண்களை அதே நாட்களின் உச்ச, தாழ் வெப்பநிலைகளுக்குப் பக்கத்தில் எழுதி, மிகப் புழுக்கமான நாட்களையும் அவற்றை அடுத்த மூன்று நாட்களையும் மற்ற நாட்களுடன் ஒப்பிடுங்கள். சராசரிக்கு 2020-ஐயும் 2021-ஐயும் சேர்க்காதீர்கள். 2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை கொண்டுபோனவர்கள் அந்த எண்ணில் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்தால் எந்தக் கோடையும் சாதுவாகத் தெரியும்.